இல்லை என்று நான் போட்ட சீல்

கஸ்தூரி சிஸ்டர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். புத்தகத்தைத் தொட்ட பிறகு கை கழுவுகிறவர்களை நூலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் கழுவுகிறவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பதினெட்டு வருடம் வார்டில் வேலை பார்த்த பழக்கம். ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

மாசி மாதத்து மதியம். நூலகத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மொத்தம் ஆறு கணினிகள். அதில் மூன்றாவது ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். அதை அவருக்காகக் காலையிலிருந்து யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

"என்ன வார்த்தை போடலாம் சார்?"

"உங்க டாபிக்தான சிஸ்டர். நீங்களே சொல்லுங்க."

"கிரிவலம்."

ஆங்கில எழுத்தில் அடித்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பூஜ்யம் வந்தது.

"அதுக்கு நம்ம ஊரைத் தெரியாது சிஸ்டர். அதுக்குப் புரியற மாதிரி கேக்கணும்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே மலை அதன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

வெறுங்கால், சர்க்கரை நோய், சூடான தரை, தீப்புண். இந்த வார்த்தைகளை எல்லாம் ஆங்கிலத்தில் கோத்து, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி, மறுபடியும் தேடினேன். வட்டம் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சுற்றியது. மறுபடியும் பூஜ்யம்.

"ஒண்ணு கூடவா சார் இல்ல? உலகத்துல எங்கயுமேவா?"

"இருந்தா காட்டாம விடுமா சிஸ்டர்?"

இப்படித்தான் சொன்னேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். எனக்குத் தெரியாததும் அந்த டேட்டாபேஸுக்குத் தெரியும், அதற்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு வாசகரின் அஞ்சலட்டை

எங்கள் நூலகத்துப் பீரோவில் கரையான் புகுந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒருவர் அஞ்சலட்டையில் வேறு மாதிரி கேட்டிருந்தார். "நூலகர் வேலையில் யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, கொடுத்து வைத்தவர் ஐயா நீர்."

அந்த அட்டையை இரண்டு நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன். இந்த வாரம் நர்சுகள் அடிக்கும் லூட்டியைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டேன்.

பௌர்ணமிக்கு மூன்றாம் நாள்

கஸ்தூரி சிஸ்டருக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். நாற்பதைத் தாண்டிய பிறகு, படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு எங்கள் நர்சிங் கல்லூரியில் முதுகலையில் சேர்ந்தவர். வகுப்பில் இருந்த மற்ற பெண்களுக்கு அவர் வயதில் பாதி. பாடம் எடுக்கிறவர்களிலேயே சிலர் அவருக்கு இளையவர்கள். அதற்காக அவர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதுகலை என்றால் ஓர் ஆய்வு செய்து ஆய்வேடாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆய்வுத் தலைப்புகளுக்குப் பஞ்சமே கிடையாது, ஏனென்றால் ஒரே தலைப்புதான். "இன்ன நோய் பற்றி இன்ன கிராமத்துத் தாய்மார்களுக்கு உள்ள அறிவு." நோயையும் கிராமத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியது. பக்கத்து அலமாரியில் இருக்கும் மூத்த மாணவியின் ஆய்வேட்டைப் பார்த்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. இதைக் கண்டும் காணாமலும் இருப்பது நூலகருக்கு எழுதப்படாத கடமை.

கஸ்தூரி சிஸ்டர் மட்டும் கேள்வியை வார்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பௌர்ணமி முடிஞ்ச மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்க சார். டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல வரிசையா உக்காந்திருப்பாங்க. உள்ளங்கால் பூரா கொப்புளம். சக்கரை இருக்கறவங்க காலைப் பாத்தா நமக்குத்தான் பதறும். அவங்க சிரிச்சிக்கினு, வலிக்கலமான்னு சொல்வாங்க. வலிக்காததுதான் சார் வியாதியே."

சர்க்கரை வருடக்கணக்கில் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே போகும். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் வெறுங்காலுடன் நடக்கும்போது, மற்றவர்கள் துள்ளிக் குதித்து ஓரத்து மண்ணுக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்குச் சூடு தெரியாது. நிதானமாக நடந்து முடிப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்து, மறுநாள் பாயில் கறையைப் பார்த்த பிறகுதான் கால் என்று ஒன்று ஞாபகம் வரும்.

கிரிவலத்தில் தோல் செருப்பு போடக்கூடாது என்பதுதானே பிரச்சினை, தோலே இல்லாமல் துணியில் ஷூ தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்வார்களா, போட்டால் புண் குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சிஸ்டரின் எண்ணம். கேட்டபோது எனக்கே சிலிர்த்தது. அவருடைய கைடு மேடத்துக்கும் பிடித்திருந்தது. ஆனால், இதை ஒட்டி ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளைக் காட்டினால்தான் கமிட்டி ஒத்துக்கொள்ளும், இல்லையென்றால் வேறு தலைப்புக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன்

அன்று பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாபிக் போனதற்கு இவ்வளவு வருத்தமா என்று நினைத்தேன்.

"டாபிக்கு போனா போவுது சார். எங்கண்ணனுக்கு இன்னா சொல்றதுன்னு பாக்கறேன்."

அப்போதுதான் ஏழுமலையைப் பற்றிச் சொன்னார். தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட, நிலத்தையும் பார்த்துக்கொண்டு தங்கையையும் நர்சிங் படிக்க வைத்த அண்ணன். பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. மகள் பிறந்ததிலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றுகிறவர். அதிலும் பகலில்தான் சுற்றுவார். கூட்டம் கம்மி, சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்பிவிடலாம். அவரோடு அதே ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"நர்சா நான் சொன்னா எடுபடாது சார். நேத்து வரைக்கும் மூக்கு ஒழுகிக்கினு பின்னாடி வந்த பாப்பாதான நான். பேப்பர்ல இருந்தா மட்டும் கேப்பாரு. எவனாச்சும் எழுதி வெச்சிருக்கானா, ஒரு தாளு கொண்டாந்து காட்டு, நீ வாங்கின ஷூவ மாட்டிக்கறேன்னு சொல்லிட்டாரு. வர்ற சித்திரைக்குள்ள காட்டணும் சார். சித்திரை வெயில்ல அவரு வெறுங்கால்ல நடந்தார்னா கால் போயிடும்."

துணி ஷூவை அவர் ஏற்கெனவே வாங்கி அண்ணன் வீட்டில் வைத்திருந்தார். நீல நிறம். பெட்டியைக்கூட அண்ணன் பிரிக்கவில்லையாம்.

நான் இன்னொரு முறை தேடிப் பார்த்தேன். வார்த்தைகளை மாற்றினேன். பூஜ்யம்.

சீல்

இந்த இடத்தில் என் திறமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தேடாமலேயே தேடினேன் என்று புளுகுகிற மாணவிகள் உண்டு. அவர்களைப் பிடிப்பதற்காக எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. டேட்டாபேஸில் தேடியதற்கு நூலகரிடம் சான்று வாங்கி கைடிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றின் வாசகத்தை வடிவமைத்தவன் நான். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். ஆங்கிலம் மட்டும் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் தமிழ் இல்லாமல் சான்றா என்று நான் சண்டை போட்டுத் தமிழையும் சேர்த்தேன். ஊதா மையில் வட்டச் சீல். சீல் சாயாமல், மை பூசாமல், எழுத்து எழுத்தாக விழ வேண்டும் எனக்கு. சரியாக விழாவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் போடுவேன்.

கஸ்தூரி சிஸ்டருக்குக் கொடுத்த தாளில் சீல் அழகாக விழுந்தது. அதற்கு மேலே என் கையெழுத்து. அதற்கும் மேலே தமிழில் ஒரு வரி: "இப்பொருளில் ஆய்வுக் கட்டுரைகள் எவையும் இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது."

சிஸ்டர் அதை மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டு போனார். கைடு மேடம் பார்த்தார். தலைப்பு மாறியது. கிராமத்துத் தாய்மார்களின் அறிவைச் சோதிக்க சிஸ்டரும் ஒரு நோயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

ஒரு டிக்

கணினி வருவதற்கு முன்னால் எங்கள் நூலகத்தில் ஆய்விதழ்கள் என்றால் ஓர் இரும்பு பீரோதான். கரையான் புகுந்தது அதற்குள்தான். பிறகு கணினிகள் வந்தன, டேட்டாபேஸ் வந்தது. வந்த புதிதில் பெரிய தொல்லை. தலைப்பும் சுருக்கமும் கண்ணுக்குத் தெரியும். ஆசையாக அழுத்தினால், உள்ளே விட மாட்டேன், பணம் கட்டு என்று வெளிநாட்டுக் காசில் கேட்கும். கல்லூரி எல்லாவற்றுக்கும் சந்தா கட்டவில்லை. பாதிக்கு மேல் பூட்டிய கதவுகள்.

ஆய்வேடு கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். பத்துக் கட்டுரை கண்டுபிடித்திருந்தாள். பத்தும் பூட்டு. கணினி முன்னாலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே நிர்வாகிப் பக்கத்துக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். "முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும்." ஒரே இடத்தில் போட்டால் ஆறு கணினிக்கும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு பூட்டியவை கண்ணிலேயே படாது. அழுகையும் நின்றது. நூலகர் சார் தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கினேன்.

வருடங்கள் போயின. டிக் அங்கேயே இருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் தப்பிக்கலாம். மறக்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் சான்றில் "இல்லை" என்று எழுதும்போது, நம்மிடம் திறந்து பார்க்கக் கிடைக்கவில்லை என்பதும் உலகத்தில் இல்லை என்பதும் வேறு வேறு என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. இத்தனை வருடம் ஒரே வேலையைச் செய்தவனுக்கு வரக்கூடாத மழுங்கல் அது.

ஆடிக் காற்று

சிஸ்டர் அதற்குப் பிறகு நூலகத்துக்கு அதிகம் வரவில்லை. நீண்ட விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆடி மாதம் காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வந்தார். இளைத்திருந்தார். கவுண்டர் மேல் நாலாக மடித்த ஒரு தாளை வைத்தார்.

பிரித்தேன். விபூதி வாசனை. மடிப்புகளில் வெள்ளைக் கோடுகள். நடுவில் என் வட்டச் சீல், கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

"அண்ணனுக்குக் காலை எடுத்துட்டாங்க சார். வலது கால். முட்டிக்குக் கீழ."

நான் எழுந்து நின்றேன். அவரே சொன்னார்.

மாசியில் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் கேட்டிருக்கிறார், என்னமோ தேடறேன்னியே கெடச்சுதா என்று. சிஸ்டருக்குப் பொய் வராது. தாளைக் காட்டியிருக்கிறார். ஏழுமலை எழுத்துக் கூட்டித் தமிழ் வரியைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார்.

"பாத்தியா பாப்பா. ஒண்ணும் இல்லன்னு ஒங்க காலேஜே சீல் போட்டுக் குடுத்திருக்குது. நீதான் சும்மா பயமுறுத்தற."

தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கைடு மேடத்துக்கு நகல் போதும் என்பதால் சிஸ்டரும் வற்புறுத்தவில்லை. ஏழுமலை அதைப் பூஜை அறையில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தார். கூட நடப்பவர்கள், உன் தங்கச்சி நர்சாச்சே, வெறுங்காலோடு போகாதே என்கிறதாமே என்று கேட்டபோதெல்லாம் எடுத்துக் காட்டினார். அவர்களில் நாலு பேருக்கும் சர்க்கரை. அவர்களுக்கும் அந்தத் தாள் தெம்பாக இருந்தது.

சித்திரையில் நடந்தார். மறுநாள் பாயில் கறை. தங்கைக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு பத்து நாள் மறைத்தார். சிஸ்டர் போய்த் துணியை அவிழ்த்துப் பார்த்தபோது, வாசனையிலேயே தெரிந்துவிட்டதாம். முதலில் இரண்டு விரல். அது ஆறவில்லை. பிறகு கால்.

சிஸ்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அண்ணன் வீட்டிலிருந்து எடுத்த தாளை என்னிடமே சேர்த்துவிட்டாலும், அவர் வந்தது வேறொன்றுக்காக.

"கால் எடுத்தவங்களுக்கு மிச்சக் காலை எப்படிப் பாத்துக்கறதுன்னு தேடணும் சார். ஒரு கால் போனவங்களுக்கு இன்னொண்ணும் போயிடுது. நான் பாத்திருக்கேன். அண்ணனுக்கு அது நடக்கக்கூடாது."

கை கழுவிவிட்டு வந்தார். மூன்றாவது கணினி. வார்த்தைகளை அடித்தேன். கொஞ்சம் வந்தது. அவர் திரையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, ஓரத்தில் விரலை வைத்தார். மருந்துச் சீட்டில் யாரும் கவனிக்காத ஓரத்தைப் பார்க்கிற கண் அது.

"இந்த டிக் எதுக்கு சார்?"

சொன்னேன்.

"எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்தேன். பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கமும் இருந்தது. அதற்கு அடுத்ததும். என் விரல்கள் தாமாகவே மாசி மாதத்து வார்த்தைகளை அடித்தன. வெறுங்கால். சர்க்கரை. சூடான தரை. தீப்புண்.

வட்டம் சுற்றியது. வந்தது.

வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு கோயில்கள், கடற்கரைகள், பாலைவன ஊர்கள். வெறுங்காலுடன் நடந்து, சூடு தெரியாமல், புண்ணோடு வந்தவர்களைப் பற்றி அவரவர் ஊர் டாக்டர்களும் நர்சுகளும் எழுதி வைத்திருந்தார்கள். பெரும்பாலானவை பூட்டியவை. ஆனால் தலைப்பும் சுருக்கமும் திறந்தே இருந்தன. ஏழுமலைக்கு ஒரு தாள் போதுமாயிருந்திருக்கும். தலைப்பே போதுமாயிருந்திருக்கும்.

"அன்னிக்கே இது இருந்துதா சார்?"

வெளியான வருடங்களைப் பார்த்தேன். எல்லாம் பழையவை.

"இருந்தது சிஸ்டர்."

அவர் எழுந்தார். குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நிர்வாகிப் பக்கத்திலிருந்தும் அந்த டிக்கை அன்றே எடுத்தேன். தாளை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் காலையில் கிரிவலப் பாதைப் பக்கம் நடக்கப் போவேன். டாக்டர் சொன்னதற்காக. எனக்கும் சர்க்கரை உண்டு. நல்ல கனமான ஷூ போட்டுக்கொண்டுதான் போவேன். மறுநாள் அந்த ஷூவின் நாடாவைக் கட்டக் குனிந்தவன் அதைக் கழற்றி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீல ஷூ

அடுத்த ஞாயிறு காலை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ எந்த இடத்தில் நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

ஏழுமலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டியை மடித்து, இல்லாத காலின் மேல் துண்டு போட்டிருந்தார். இடது காலில் நீலத் துணி ஷூ. கட்டிலுக்கு அடியில் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் வலது கால் ஷூ, தாள் சுற்றியது சுற்றியபடி, புதிதாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"உக்காருங்க சார். மல்லாட்டை சாப்பிடுங்க, நம்ம கொல்லையில வெளஞ்சது."

அவித்த வேர்க்கடலை ஒரு தட்டில் ஆவி பறந்தது. நான் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழுத பெண், டிக், பூட்டு, சீல். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். சிஸ்டர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழுமலை கடலைத் தோலை உரித்து உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருந்தாலும் நான் நடந்திருப்பேன் சார். இருவது வருச வேண்டுதல்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அது ஒரு நிமிடம்தான்.

"ஆனா இத மாட்டிக்கினு நடந்திருப்பேன்" என்று இடது கால் ஷூவைத் தொட்டார். "சொன்ன சொல்லு மாறமாட்டேன். பாப்பாவக் கேளுங்க."

சிஸ்டர் உள்ளே போய்விட்டார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாளு எங்க சார்?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இதே மாதிரி இன்னொரு தாளு வேணும். கட்டுரைங்க இருக்குதுன்னு எழுதி, இதே சீலு போட்டுக் குடுங்க. என்னோட நடக்கறவங்கள்ல நாலு பேருக்கு சக்கரை ஜாஸ்தி. எங்காலப் பாத்துட்டு, எல்லாம் தலையெழுத்துன்றாங்க. ஆவணியில திரும்ப வெறுங்கால்ல கெளம்பறாங்க. என் வாயால சொன்னா கேக்கமாட்டாங்க. இந்தத் தாள அவங்களுக்கு நாந்தான் காட்டனேன். சீலுன்னா நம்புவாங்க."

எடுக்கச் சொன்ன வரி

மறுநாள் கல்லூரியில் உட்கார்ந்து எழுதினேன். கட்டுரைகளின் தலைப்புகளைத் தமிழில் எழுதினேன். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலுடன் சூடான தரையில் நடந்தால் என்ன ஆகும் என்பதை, சிஸ்டரைப் போனில் கேட்டுக் கேட்டு, எளிமையாக நாலு வரியில் எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். சீல் போடும்போது ஒரு பக்கம் மை பூசிக்கொண்டது. முதல் முறையாக அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு போனேன். ஏழுமலை எழுத்துக் கூட்டிப் படித்தார். தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார். விரலால் அதைத் தடவினார்.

"இது வேணாம் சார். எடுத்துடுங்க."

"அதுதான் முக்கியம். அதை எழுதாம எப்படி?"

"தப்பா எழுதிட்டேன்னு நீங்களே சொன்னா, இதுவும் தப்பா இருக்கும்னுவாங்க. வேற தாளு எழுதுங்க. அப்ப இல்ல, இப்பதான் புதுசா எழுதி வந்திருக்குதுன்னு நான் சொல்லிக்கறேன்."

"அது பொய்யாச்சேங்க."

"ஆமாம் சார். பொய்தான்" என்றார். "அவங்க காலு நிஜம்."

சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சீலைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அந்த வரி இல்லாமல் எழுதி, சீல் போட்டுக் கொடுத்தேன். ஏழுமலை வாங்கித் தங்கையிடம் நீட்டி, "நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா பாப்பா" என்றார்.

ஆவணியில் மூன்று பேர் துணி ஷூவோடு மலை சுற்றினார்கள். நாலாவது ஆள் இன்றைக்கும் வெறுங்காலுடன்தான் நடக்கிறார். ஏழுமலையின் இடது கால் நன்றாக இருக்கிறது. சிஸ்டர் படிப்பை முடித்து வார்டுக்குத் திரும்பிவிட்டார். பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் டிரெஸ்ஸிங் ரூமில் அவர்தான் நிற்கிறார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார். முன்பு போல இல்லை.

இதை எழுதப்போகிறேன் என்று ஏழுமலையிடம் கேட்டபோது, "அவங்க மூணு பேருக்கும் இப்ப ஷூ பழகிப்போச்சு சார். இனிமே எழுதினா பரவாயில்ல" என்றார்.

அன்று அவர் எடுக்கச் சொன்ன வரியை நான் எங்காவது எழுதியாக வேண்டியிருந்தது. சீல் இப்போது என்னிடம் இல்லை, ஓய்வு பெற்ற அன்று ஒப்படைத்துவிட்டேன். சீல் இல்லாமலே எழுதுகிறேன்.

"இப்பொருளில் கட்டுரைகள் முன்பே இருந்தன. இல்லை என்று சான்றளித்தது என் பிழை."